முதலில் தட்டும் கதவு

ஆர்.கே.பேட்டை நெசவுத் தெருவில் தாயாரம்மாளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. யார் வீட்டில் தறிக்கு ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதானாலும், கைகொடுக்க வரச்சொல்லி முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் அறுந்த இழைகளையெல்லாம் முடிச்சுப் போட்டாக வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா அது? ஊர்கூடித் தேர் இழுக்கிற கதைதான். கூலி கிடையாது, இன்று உன் பாவு, நாளை என் பாவு. இழை முடிவதில் தாயாரம்மாளின் விரலுக்கு ஈடில்லை. அதை அவளே சொல்லிக்கொள்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் எதிர்வீட்டு ஆதிநாராயணன் செண்பகத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளும் வேகமாக முடிந்தாள். போதாததற்குச் சிரித்துக்கொண்டே முடிந்தாள். கொஞ்ச நாளில் ஜனங்கள் செண்பகத்தின் கதவைத் தட்டிவிட்டு அப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தாயாரம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"சிரிச்சிக்கினே போட்டா முடிச்சு நிக்குமா?" என்று புருஷனிடம் பொருமினாள்.

ரங்கசாமி தறியிலிருந்து தலை நிமிராத மனுஷர். "நிக்குதே," என்றார்.

செண்பகம் வீட்டுப் பாவு நாள் வந்தது. தாயாரம்மாள் ஜுரம் என்று போர்த்திப் படுத்துவிட்டாள். நானில்லாமல் திண்டாடட்டும் என்பதுதான் ஜுரம். ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். யாரும் திண்டாடவில்லை. வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். ஜுரத்துக்கென்று செண்பகம் மிளகு ரசம் வேறு கொடுத்தனுப்பினாள். ரசம் நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்தது தாயாரம்மாளின் பாவு. ஒத்தாசைக்குப் போகாதவள் எந்த முகத்தோடு கூப்பிடுவாள்? எந்தக் கதவையும் தட்டவில்லை. "நாமளே போட்டுக்கலாம்," என்றாள். இரண்டு பேர் போட்டால் நூல் பாழ் என்று இருவருக்கும் தெரியும். ரங்கசாமி தறிக்குத் திரும்பினார்.

விடிகிற நேரம் கஞ்சிக் குண்டானோடு கதவைத் திறந்தாள். தெருவெல்லாம் ஆள். முன்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செண்பகம்.

"ஒங்கள யாரு கூப்ட்டது?"

"நான்தான்க்கா. நேத்தே ஊடு ஊடா போய் சொல்லிட்டேன். கஞ்சி ஆறுது, குடு."

தாயாரம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இதுலயும் நீயே முந்திக்கினியாடி!"

குண்டானைக் கொடுத்தாள். ஆனால் அந்தப் பாவில் அறுந்த இழை ஒன்றைக்கூடச் செண்பகத்துக்கு விட்டுவைக்கவில்லை.