என் மூச்சுக்கு ஆடிய கை

மரக்காணம் கழிமுகத்தில் முங்கி மட்டி எடுத்து வளர்ந்தவள் நான். மூச்சடக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்பில் புற்றுநோய் என்று திண்டிவனத்தில் பஸ் மாறிச் சென்னைக்குப் போனேன். கதிர்வீச்சு அறையில் ஓர் இயந்திரக் கை என்னைச் சுற்றி வந்தது. ஆடாமல் இருக்கச் சொன்னார்களே என்று மூச்சை அடக்கினேன். கை நின்றுவிட்டது. மறுபடி அடக்கினேன்; மறுபடி நின்றது.

மைக்கில் டெக்னீஷியன் பெண் கத்தினாள். விழுப்புரத்துக்காரி.

“அக்கா, மெஷினைப் பேஜாரு பண்ணாதீங்க! சாதாரணமா மூச்சு வுட்டுக்கினு இருங்க. உங்க நெஞ்சு ஏறி எறங்குறதைப் பாத்துக்கினுதான் அது நகரும்.”

மூச்சை விட்டேன். கையும் கூடவே அசைந்தது. இருபது வருஷமாகப் புருஷனின் பசிக்கும் மாமியாரின் கோபத்துக்கும் ஏற்றபடி ஓடியவள் நான். என் மூச்சைப் பார்த்து நடந்த முதல் ஆள் அந்த இரும்புக் கைதான்.