வெங்காயம் போட்ட வறை

எங்கள் நாய் பச்சை இறைச்சி தின்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இதைச் சொன்னால் முதலில் முகத்தைச் சுழிப்பார்கள், பிறகு புத்தி சொல்வார்கள். சோறும் மீன்தலையும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பக்கெற் தீனியில் அதற்கு உடம்பெல்லாம் சொறி வந்தது. பச்சை இறைச்சிக்கு மாற்றிய பிறகுதான் மயிர் முளைத்தது. இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நானும் என் கணவரின் அக்காவான மச்சாளும். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பத்து மாதம் கடலில். நான் கொட்டாஞ்சேனையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த வேதக்காரி. மச்சாள் யாழ்ப்பாணத்துச் சைவம், பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் ஜன்னலைச் சாத்துகிற ஆள். அதனால் நாயின் இறைச்சிக்குப் பல்கனியில் தனியாக ஒரு சின்ன பிறிட்ஜ். கத்தி, பலகை, சட்டி எல்லாம் அங்கேதான். மச்சாள் அந்தப் பக்கம் வருவதில்லை. நாயைத் தொட்டதும் இல்லை. அது மேலே உரசினால் போய்க் குளிப்பார்.

போன வருடம் நாய்க்கு மலம் இறுகிப்போனது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வந்தது. கிருலப்பனையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் சிங்களப் பெண். சாப்பாட்டில் எலும்பு கூடிவிட்டது என்றாள். எலும்பைக் குறைத்து முட்டைக்கோதைத் தூளாக்கிப் போடுங்கள், பூசணி, கரட், கீரை ஏதாவது அவித்து மசித்து இறைச்சியோடு கொஞ்சம் சேருங்கள், மீன் எண்ணெய்க் குளிசையும் கொடுங்கள் என்றாள். என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்று அச்சடித்த ஒரு கடதாசியும் தந்தாள். நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தேன். அதோடு சரி.

வீட்டுக்கு வந்து கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனபோது மச்சாள் குறுக்கே வந்து நின்றார்.

"என்ன செய்யப் போறீர்?"

"நாய்க்குக் கீரை வெட்டப் போறன்."

"அந்த இறைச்சிப் பலகையிலயோ? இஞ்சை தாரும். மரக்கறியெண்டால் நான் செய்து தாறன். கீரைக்கும் ஒரு மரியாதை இருக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கிண்ணம் பல்கனிக் கதவடியில் வந்து இருக்கும். ஒரு நாள் பொன்னாங்காணி வறை, ஒரு நாள் வல்லாரை, ஒரு நாள் கரட். தேங்காய்ப்பூப் போட்டு, பொடிப்பொடியாக அரிந்து, அவ்வளவு நேர்த்தியாக எனக்குக்கூட அவர் சமைத்ததில்லை. "உப்புப் போடேல்லை. மிளகாயும் போடேல்லை. வாயில்லாச் சீவன் பாவம்" என்பார். அதை நான் இறைச்சியில் கொட்டிக் கையால் பிசைந்து வைப்பேன். நாய் சட்டியை நக்கித் துடைத்துவிடும். மலம் சரியானது. எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்று கிழமை போயிருக்கும். நாய் படியேற முடியாமல் நிற்கத் தொடங்கியது. எங்கள் வீடு இரண்டாம் மாடி. முதலாம் மாடியில் படுத்துவிடும். மூத்திரம் தேநீர் நிறத்தில் போனது. நாய்க்கு வாங்குகிற ஈரலைத்தான் நான் சந்தேகப்பட்டேன். நேரே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் முஸ்லிம் நானாவின் இறைச்சிக் கடைக்குப் போய், சனத்துக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"நானா, பழசைத்தானே எனக்குக் கட்டித் தாறீங்க? நாய்தானே திண்ணப்போகுது எண்டு நினைச்சீங்களா?"

"தங்கச்சி, இதே ஈரலைத்தான் என்ட ஊட்டுக்கும் கொண்டு போறன்."

"அப்ப உங்கட வீட்டு ஆக்களையும் டொக்டரிட்டக் காட்டுங்க!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் இறைச்சி வாங்காமல் திரும்பினேன். அந்தக் கடையில் என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம்.

வேறு கடை இறைச்சி வாங்கினேன். அதுவரை அசட்டையாக விட்டிருந்த மீன் எண்ணெய்க் குளிசையையும் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினேன், இருப்பதில் விலை கூடியது. அதே கிழமை கந்தசஷ்டியும் தொடங்கியது. மச்சாள் ஆறு நாளும் விரதம், ஒரு நேரச் சாப்பாடு. நாயின் கிண்ணம் மட்டும் தவறாமல் வந்தது. நாய் தேறியது. மூத்திரம் வெளுத்தது. ஆறாம் நாள், சூரன்போர் அன்று, இரண்டு மாடியும் தானாக ஏறி வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா, குளிசையிட வேலை" என்றேன்.

"முருகன்ரை வேலை" என்றார் மச்சாள்.

விரதம் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, நாய் மறுபடி விழுந்தது. இந்த முறை எழும்பவே இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. நான் அதைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஓட்டோவில் ஏறும்போது மச்சாளும் மறுபக்கத்தால் ஏறினார். நாயின் பின்கால்கள் அவர் மடியில் கிடந்தன. 

கிருலப்பனை டொக்டர் இரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கால்மணி நேரம் கழித்து வந்து, இரத்தம் மோசமாகக் குறைந்திருக்கிறது, இன்னும் இறங்கினால் வேறு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்றாள். பிறகு சிங்களத்தில் கேட்டாள், வெங்காயம் கொடுத்தீர்களா?

எனக்குக் கோபம் ஏறியது. நாய்க்கு யாராவது வெங்காயம் கொடுப்பார்களா, நான் என்ன பைத்தியமா என்று கேட்டேன். அவள் பொறுமையாகத் திரும்பவும் சொன்னாள். வெங்காயம், உள்ளிப்பூண்டு இரண்டும் நாயின் இரத்தத்தை உடைக்கும். அவித்தாலும் உடைக்கும். மைக்ரஸ்கோப்பில் பார்த்தால் தெரிகிறது.

மச்சாளுக்குச் சிங்களம் காய்கறிக் கடை அளவுக்குத்தான். "என்னவாம்? என்ன சொல்லுறா?" என்று என் கையைச் சுரண்டினார்.

"வெங்காயம் குடுத்ததோ எண்டு கேக்கிறா. அது நாய்க்கு நஞ்சாம்."

மச்சாள் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வறைக்குள்ளை போடுறனான்."

"என்ன?"

"சின்ன வெங்காயம். வறைக்கு வெங்காயம் போடாமல் என்னெண்டு? உப்பும் மிளகாயும்தானே கூடாதெண்டு நினைச்சனான்." அவர் விரல் மடித்து எண்ணினார். "சஷ்டிக்குத்தான் போடேல்லை. விரதச் சமையலுக்கு வெங்காயம், உள்ளி சேர்க்கிறேல்லை. அந்த ஆறு நாளும்..."

நான் வாயைத் திறந்தேன். திட்டத்தான் திறந்தேன். என்னிடம் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்த வறையைத் தினமும் பிசைந்தது யார்? என் விரல்களுக்கு நடுவில் அந்த வெங்காயத் துண்டுகள் வழுக்கியது எனக்குத் தெரியும். கையில் வந்த மணமும் தெரியும். கீரை வறையில் வெங்காயத்தைப் பார்த்து எங்களில் யார் நின்று யோசிப்போம்? ஹேண்ட்பேக்கைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்தேன். கூடாதவை என்ற பக்கத்தில் முதல் வரியே வெங்காயம். அதை மச்சாளிடம் நீட்டி, "இதை ஒண்டரை மாசமாத் தூக்கிக்கொண்டு திரியிறன்" என்றேன்.

டொக்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், விரதம் உட்பட. அவள் பெரிதாக மூச்சு விட்டாள். நல்லது, காரணம் தெரிந்துவிட்டது, நிறுத்தினால் உடம்பு தானாக இரத்தம் ஊறவைக்கும் என்றாள். ஆறு நாளில் தேறிய நாய் இப்போதும் தேறும் என்றாள்.

பக்கத்துக் கதிரையில் குந்திவிட்டேன். கெட்ட ஈரல் இல்லை, புற்றுநோய் இல்லை, பெயர் தெரியாத வியாதி எதுவும் இல்லை. வெங்காயம். அரிகிறதை நிறுத்தினால் போதும். என் வாழ்க்கையில் இவ்வளவு மலிவான மருந்தை நான் கேட்டதில்லை.

நாயை இரண்டு நாள் அங்கேயே வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். வேறு இரத்தம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் கூட்டிவந்தோம். இரண்டு கிழமையில் இரண்டாம் மாடிக்கு எனக்கு முன்னால் ஓடியது.

பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கம் இல்லாத வேலை. கடையில் சனம் குறையும்வரை வெளியே நின்றேன். நானா கண்டுவிட்டார்.

"என்ன தங்கச்சி, எங்கட ஊட்டாக்கள் எல்லாரும் சுகம்" என்றார்.

"ஈரல் இல்ல, நானா. வெங்காயம்."

"நாங்க வெங்காயம் விக்கிறல்லயே."

"தெரியும். பிழை என்ட. எனக்கு ஒரு கிலோ ஈரல் போடுங்க."

நல்லதாகப் பார்த்து வெட்டினார். கோழிக்கழுத்து நாலைந்தைச் சும்மா அள்ளிப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வறை இப்போதும் வருகிறது. நாயின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மச்சாள் வெங்காயத்தைத் தொடுகிறார். அந்தக் கடதாசியை நான் தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடதாசி மட்டும் போதும் என்று அவர் நம்புவதில்லை. காலையில் எழும்பியதும், குளிக்க முதல், பல்கனிக்கு வந்து நாயின் முன்னால் குந்துகிறார். இரண்டு விரலால் அதன் உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். நாய் அவர் கையை நக்குகிறது. குளிக்கத்தானே போகிறேன் என்று விட்டுவிடுகிறார்.

"சிவப்பாய்த்தான் இருக்கு" என்று எனக்குக் குரல் கொடுக்கிறார். நான் போய் இறைச்சியை வெளியே எடுக்கிறேன்.