போகிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்

நஃபீசா அக்கா நடக்கும்போது தரையைப் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். திருமுடிவாக்கம் சாலையில் பள்ளத்துக்கா பஞ்சம்? அடிக்கடி கால் சுளுக்கிக்கொள்ளும். "நான் மேல பாக்கலைன்னா யாரு பாப்பா? கரன்ட் ஆபீஸ்ல குந்திகினு இருக்கறவங்களா?" என்பார் கணுக்காலை நீவியபடி.

தொழிற்பேட்டைக் கம்பெனிகள் கழித்துப்போடும் மரப்பெட்டிகளை வாங்கி, பிரித்து, ஆணி பிடுங்கிப் பலகையாக விற்பது அவர் தொழில். கணவர் போன பிறகு தனி ஆள்தான். பிடுங்கிய ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டே பேரம் பேசுவார். பலகைகளை அடுக்கிவைத்திருக்கும் கொட்டகைப் பக்கம் எவனாவது பீடி பற்றவைத்தால் தொலைந்தான். "இன்னா தில்லு உனுக்கு? உன் வூட்ல போய்ப் புடி!"

போகியன்று அவர் படுத்தும் பாடு எங்கள் காலனிக்கே பிரசித்தம். கொட்டகையை ஒட்டிய காலி மனையில் பழம்பாயை எரித்துவிட்டு நாங்கள் திரும்பினால், பின்னாலேயே குடத்தோடு வந்து சாம்பல்மேல் ஊற்றுவார். இந்த ஆண்டும் கடைசி வீட்டு யக்ஞநாராயணன் சத்தம் போட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அதட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "நல்ல நாளும் அதுவுமா தண்ணிய ஊத்தறேளே, என்ன பழக்கம் இது?" அக்கா போய் இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்.

அன்று மதியமே கொட்டகை எரிந்தது. மழை ஏமாற்றிய வருடம். மனை முழுக்கக் காய்ந்த புல். தொங்கிக் கிடந்த கம்பிகள் காற்றில் உரசி, பொறி விழுந்து, புல் பற்றிக் கொட்டகைக்குப் பாய்ந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது இரும்புத் தூண்கள்தான் மிச்சம். கம்பி தொங்குகிறது என்று மின்சார அலுவலகத்துக்கு அக்கா நடந்த நடை கொஞ்சமா? இப்போது அங்கே எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், போகித் தீதான் காரணம் என்று. எனக்கு ரத்தம் கொதித்தது.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஜெபசீலனிடம் அக்காவை அழைத்துப் போனேன். "சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம், நுகர்வோர் கோர்ட் போகலாம், ஹைகோர்ட்ல ரிட்டும் போடலாம்" என்றார் அவர். "கரன்ட் மாதிரி ஆபத்தானத கொண்டுபோறவங்க, கவனமா இருந்தோம்னு சொல்லியே தப்பிச்சிட முடியாது. ஆனா எங்க போனாலும், விபத்த விசாரிக்கற அரசு மின் ஆய்வாளர் என்ன எழுதினார்னுதான் முதல்ல கேப்பாங்க. போகித் தீன்னு எழுதிட்டா நம்ம கேஸ் படுத்துடும்மா."

நெருப்பை அணைத்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். அக்கா ஊற்றும்போது நாங்களெல்லாம் வீடு திரும்பிவிட்டோம்; இருந்தது ஒரே சாட்சி. அணைத்ததற்காகத் திட்டியவர். மதியம் கம்பியில் பொறி பறந்ததைப் பார்த்து மாடியிலிருந்து கூவியவரும் அவரேதான். ஆனால் இந்த ஆண்டு எல்லோருடைய குவியலுக்கும் தீ வைத்ததும் அவர். வாயைத் திறந்தால் பழி உங்கள்மேல் திரும்பும் என்று மகன் ஸ்ரீவத்சன் மிரட்டியதிலிருந்து வாத்தியார் கதவையே திறப்பதில்லை.

"அப்ப அவரையும் எதிர்வாதியா சேர்த்துடுவோம். பயத்துல உண்மை தானா வரும்" என்றார் வக்கீல்.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவுரு வெச்ச நெருப்புலேர்ந்து வரல சார். அத அணைச்சதே நான்தானே. தெரிஞ்சிகினே எப்டி சார் ஒரு பெரிய மனுசர கோர்ட்டுக்கு இழுக்கறது?" எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது.

ஆய்வாளர் வந்த நாளில் வெயில் சுட்டது. கருகிய தூண்களுக்கு நடுவே நின்று அவர் எழுத, காகிதத்தில் வெயில் படாமல் அக்கா குடை பிடித்தார்.

"போகி கொளுத்தின இடம் எது?"

அக்கா மறைக்காமல் காட்டினார்.

"பக்கத்துலயேதான் கீது பாருங்க சார்" என்றார் கூட வந்த மின்சார அலுவலக ஆள்.

"கொளுத்தினது யாரு?"

அக்கா குடையை வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுதத் தொடங்கினார். பெயரைச் சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசி வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. யக்ஞநாராயணன் செருப்புகூடப் போடாமல் வந்தார்.

"நான்தான் சார் கொளுத்தினேன். இந்தம்மா ரெண்டு குடம் தண்ணி ஊத்தி அணைச்சா. அதுக்கு நான் அவாளத் திட்டினேன். மத்தியானம் கம்பிலேர்ந்து பொறி விழுந்து புல்லு பத்திண்டத என் கண்ணால பார்த்தேன். எழுதிக்கோங்கோ."

ஆய்வாளர் எழுதியதை அடித்தார். "உங்க முழுப் பேர் சொல்லுங்க."

வாத்தியார் சொன்னார். வழுக்கைத் தலையில் வியர்வை வழிந்தது.

நஃபீசா அக்கா குடையை ஆய்வாளரிடமிருந்து நகர்த்தி, வாத்தியார் தலைக்கு மேலே பிடித்தார்.