உட்கார்ந்தால்தான் தெரியும்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாற்காலி என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். கைப்பை வைக்கத்தான் உதவியது. நின்றுகொண்டே தட்டச்சு செய்வாள், நடந்துகொண்டே சாப்பிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: காத்திருப்பது! ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போதே குற்றுயிரும் குலையுயிருமாகத்தான் வரும். கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரைச்சலில் மூழ்கிவிடும். ஆனால் அது திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் வருவதால், ரிசீவர் அதை வாங்கி வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டும். கூடக் கூடச் சிக்னல் தலைதூக்கும். கூட்டி முடியும்வரை ரிசீவர் அசையக் கூடாது, அவ்வளவுதான். அசைந்தால் அத்தனையும் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

அவள் செய்த ரிசீவர் ஒரு கைப்பட்டைக்குள் இருந்தது. முதல் பட்டையை அப்பாவின் கையில்தான் கட்டினாள். அப்பாவுக்கு நினைவு தப்பிப் போயிருந்தது, கால் மட்டும் ஓயவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். போன முறை ரயில் தண்டவாளத்தில் நின்றவரை யாரோ புண்ணியவான் இழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பாவைக் காணோம். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள போயிட்டார்."

"உன்னை நம்பி விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

திரைக்கு ஓடினாள். பட்டை இருக்கும் இடமாகச் செல்போன் கோபுரம் காட்டிய வட்டத்துக்குள் கடைத்தெரு, தண்டவாளம் என்று பாதி ஊரே அடங்கியது. செயற்கைக்கோள் வழியாக ஒன்றும் வரவில்லை. மனுஷர் ஏதோ கட்டடத்துக்குள் நடந்துகொண்டே இருக்கிறார்.

எது சிக்னல், எது வெறும் இரைச்சல் என்று பிரிக்க ஒரு வரம்பு வைத்திருந்தாள். அதை மளமளவென்று கீழே இறக்கினாள். பக்கத்து மேசைப் பொறியாளர் பதறினார். "இவ்வளவு இறக்கினா இரைச்சல்கூட சிக்னல் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் பொறுங்க."

"பெத்த அப்பா சார்! பொறுக்கச் சொல்றீங்க?"

உடனே ஒரு புள்ளி விழுந்தது. தம்பி அங்கே தலைதெறிக்க ஓடினான். போய்ப் பார்த்தால் வெறும் பொட்டல், ஒரு ஈ காக்காய் இல்லை. அவசரப்பட்டு, இருந்த நேரத்தையும் வீணாக்கிவிட்டாளே! வரம்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினாள். இனி ஒரே வழிதான். அவர் உட்கார வேண்டும்.

பட்டையில் பேசும் வசதி இருந்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"யாரும்மா?" அவருக்கு மூச்சு இரைத்தது. "எனக்குப் பேச நேரமில்ல. என் பொண்ணைக் காணோம். ஸ்கூல் விட்டாச்சு. சின்னப் புள்ள, தேடிட்டிருக்கேன்."

நான்தான்ப்பா அது என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நம்பமாட்டார்; அவருடைய பெண்ணுக்கு இவ்வளவு கனத்த குரல் கிடையாது.

"அவ உங்களைத் தேடித்தான் வந்துட்டிருக்கா. நீங்க எங்கயாவது உக்காருங்க."

"உக்காந்தா அவளுக்கு எப்படித் தெரியும்?"

"உக்காந்தாதான் தெரியும்ப்பா." "கையைக்கூட ஆட்டாதீங்க."

"நிச்சயமா வருவாளா?"

"சத்தியமா."

மூச்சிரைப்பு மெல்ல அடங்கியது. திரையில் தட்டையாகக் கிடந்த கோடு ஓரிடத்தில் லேசாக எழும்பியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகத்தைக் கடித்தாள், கடவுளைத் திட்டினாள், அப்புறம் மன்னிப்பும் கேட்டாள். கோடு வரம்பைத் தாண்டியது. இன்னொரு செயற்கைக்கோள், இன்னும் ஒன்று, இடத்தைச் சொல்லத் தேவையான நான்காவதும் வந்துவிட்டது. கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம்.

தம்பியை நம்பாமல் தானே வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். மாடிப்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால்மேல். வியர்வை கண்ணில் வழிந்தது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

"அப்பா, வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க போங்கம்மா. நான் அசையக் கூடாது. என் பொண்ணு வந்துட்டிருக்கா, நான் இங்க இல்லேன்னா பயந்துடுவா."