மோட்டார் ஓடும் இருபது நிமிஷம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நல்ல கோடையில் நடந்தது இது. பந்தல்குடிக்குக் கொஞ்சம் தள்ளி, கரிசல் காட்டை மனை போட்டு விற்ற இடத்தில் புதிதாக எழும்பிய பன்னிரண்டு வீடுகள்தான் எங்கள் தெரு. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு போர்வெல், ஒரு சின்டெக்ஸ் தொட்டி. மோட்டார் பெட்டியின் சாவி முறை வைத்து வீடு வீடாகச் சுற்றி வரும். ஒரு வாரம் காலையில் ஒரு வீட்டார் போட வேண்டும், சாயங்காலம் இன்னொரு வீட்டார்.

எங்கள் பக்கத்து போருக்கு ஒரு கணக்கு உண்டு. இருபது நிமிஷம் ஓட்டினால் அடியில் தண்ணீர் தீர்ந்துவிடும். நிறுத்தி, மறுபடி ஊற விட வேண்டும். ஊறுமுன் ஓட்டினால் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடேறி எரிந்துவிடும். இது தெருவில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் எனக்குத் தெரிவது வேறு, அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு. அதற்கு ஆறு மாதம் முன்புதான் மதுரையில் ஒரு டாக்டர் எனக்கு ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். பி.எட். முடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லா வருஷமும் நல்ல மார்க். அதனால், அடுப்பில் வைத்ததை மறப்பதும், பத்து வேலையைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் நடுவீட்டில் அழுதுகொண்டு நிற்பதும் என் திமிர், என் சோம்பல் என்றே இருபத்தேழு வயது வரை நம்பியிருந்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களிடம் அது தலைவலி மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம் காலை முறை எனக்கு. சாயங்கால முறை எதிர்வீட்டு அக்காவுக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேனில் போய் வருவார். அவருடைய அம்மா அப்பா ஒரு காலத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் காட்டில் கூலிக்கு வந்தவர்கள். இப்போது எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, எங்கள் வீட்டைவிட நல்ல வீடாகக் கட்டியிருந்தார். அது தெருவில் சிலருக்கு உறுத்தலாக இருந்தது.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். பால் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. கழுவப் போனால் சோப்பு இல்லை. சோப்பு எடுக்க அலமாரியைத் திறந்தால், வீட்டுக்காரர் முதல் நாள் தேடிய ரசீது அங்கே இருந்தது. அதை அவர் பையில் வைக்கப் போனபோது மூன்று வயது மகள் எழுந்து அழுதாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றவள், என்னவோ ஒன்றை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்தேன். எது என்று பிடிபடவில்லை. 

வெளியே ஓடிப் பார்த்தபோது மணி ஆறேகால். தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அணைத்தேன். புகை இல்லை, வாடை இல்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா மில்லிலிருந்து வந்து ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம், கரிந்த வாடை. குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"காலைல நல்லாத்தான ஓடுச்சு? நீ என்னத்தப் போட்டு அமுக்குனியோ" என்றார் கடைசி வீட்டு மதினி. எனக்குத் தூரத்து உறவு. நாக்கு கொஞ்சம் நீளம்.

"நான் என்ன மதினி பண்ணேன்? எப்பவும் போலத்தான் போட்டேன்."

"இதுக கையில சாவியக் குடுத்தா இப்படித்தான்" என்று மதினி முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா டீச்சரு, நீயே சொல்லு. காலைல நல்லாத்தான ஓடுச்சு?"

வேலைக்கே போகாத என்னைத் தெருவில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். அக்கா யாரையும் பார்க்காமல் சாவியைத் தொட்டியின் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மோட்டாரை மறந்ததற்கு என் மூளையைக் காரணம் சொல்லலாம். டாக்டரே சொல்லுவார். தலையாட்டியதற்கு என்ன காரணம் சொல்வது? அன்று சமைத்ததும் ஊட்டியதும் ஒன்றும் ஞாபகமில்லை. சொல்லிவிட்டால் தெருவே என்னைப் பற்றி என்ன பேசும் என்று ஒரு மனம். சொல்லாவிட்டால் அக்காவை என்ன பேசுவார்கள் என்று ஒரு மனம்.

மறுநாள் காலை அக்கா வேனுக்காக ரோட்டில் நின்றபோது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, மோட்டார எரிச்சது நான்தான். முக்கா மணி நேரம் மறந்துட்டேன்."

வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார். "நேத்து அத்தன பேரு முன்னாடி வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார். "என்னயன்னா என்ன வேணாலும் சொல்லலாம், எல்லாரும் நம்புவாகன்னுதான?"

அதற்குள் வேன் வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் மோட்டாரை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது, பெண்கள் எல்லோரும் நின்ற இடத்தில் வைத்துச் சொன்னேன். மறந்ததைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். மாத்திரை தலைவலிக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். கவனம் ஒரு இடத்தில் நிற்காது, எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும், அப்போது எனக்கு மூச்சு முட்டும் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. ரிப்பேர் எங்கள் பொறுப்பு என்றும் சொன்னேன்.

மதினி முதலில் வாய் திறந்தார். "அப்ப இவ முறைய எடுத்துருங்கப்பா. படிச்ச பிள்ளைன்னு நம்பிக் குடுத்தா..."

உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. எடுத்துவிடட்டும்.

"அதெல்லாம் எடுக்க வேணாம்" என்றார் அக்கா. மில் பையோடு கூட்டத்தில் நின்றவர். "அவ முறைய அவதான் பாக்கணும். ஆனா மோட்டார் ஓடுற வரைக்கும் வீட்டுக்குள்ள போகக் கூடாது. இங்கனயே உக்காரணும்."

"பிள்ள அழுதா?" என்றார் மதினி.

"எங்க மில்லுல மிஷின விட்டுட்டு எவளும் ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது மதினி. கையத் தூக்குனா ரிலீவர் வருவா. அவ வந்து நின்னாத்தான் நாம நகரலாம். அதே மாதிரி இவ சத்தம் குடுக்கட்டும். யாராச்சும் போவோம்." பிறகு என்னைப் பார்த்து, கோபம் குறையாமலே சொன்னார்: "வாயத் தொறந்து கூப்பிடணும், கேட்டியா?"

மோட்டார் சரியாக நாலு நாள் ஆயிற்று. அதுவரை ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் காலை ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் பெரும்பாடு. துணி ஊற வைத்தது, இட்லிக்கு மாவு எடுக்காதது, எல்லாம் உள்ளேயிருந்து இழுத்தது. போதாததற்கு, பாலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மகளும் அழ ஆரம்பித்தாள். எழுந்துவிட்டேன். எழுந்தவள் அப்படியே நின்று, "யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினேன். குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

வந்தவர் கடைசி வீட்டு மதினி. என்னைத் தாண்டி உள்ளே போனார். சற்றுக் கழித்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "பாலு பொங்கிருச்சு. அடுப்பத் தொடைக்கிறது உன் பாடு. அதுக்கெல்லாம் நான் வரல."

எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்வீட்டு வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்த அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன்.

மறுபடி உட்கார்ந்தேன். மீதி நேரம் முழுக்க மோட்டார் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டேன். வேறு எதுவும் செய்யக் கூடாது என்று யாராவது எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. தண்டனையாகச் சொன்னதுதான். கல்யாணமான பிறகு அத்தனை நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை.

அக்கா என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இப்போதும் பேச்சுவாக்கில் ஒரு குத்து குத்துவார், வாங்கிக்கொள்வேன். என் மறதியும் எங்கும் போய்விடவில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டும்போது, முன்பு போல ஒளிந்துகொண்டு அழுவதில்லை. வீட்டுக்காரரோ, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, எதிர்வீடோ, யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களிடம் "என்னால முடியல, கொஞ்சம் வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்றாலும் நான் சொல்லாமல் விட்டதற்கு இன்னொருத்தி தலைகுனிந்து போனதை ஒரு தடவை பார்த்துவிட்டேன், அது போதும்.