இன்மை அறிக்கை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்பது ஒருவரின் உயிரைப் பற்றியது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். காஞ்சிபுரத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தபோது, இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பதில் அனுப்பும் கலையை நானே மூன்று எழுத்தர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

என் மகளுக்கு ஒரு வருடமாக அடிவயிற்றில் வலி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில் அவளைக் கொடுத்திருக்கிறோம். தறியில் கணவன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது அவள் வேலை.

"நாளு பூரா தறில குந்திக்கினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும் சம்பந்தி? எனக்கும் இருந்துச்சு, போயிடுச்சு" என்றார் அவள் மாமியார்.

நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், காப்பீட்டு விண்ணப்பத்தில் 'தறி வேலையால் ஏற்பட்ட இடுப்பு வலி' என்று என் அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன். அந்த வரியைப் படித்த டாக்டர்கள் எல்லோரும் அவள் முதுகைத்தான் அமுக்கிப் பார்த்தார்கள். எழுத்தில் இருப்பதை நம்புவது நல்ல அலுவலகப் பழக்கம்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்தவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மா, அவர்கூட இருந்தா ரத்தம் படுது. எத்தினி நாளுதான் மறைக்கிறது?"

சென்னைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து அனுப்பினார். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்று முடிவு வந்தது. உடலுறவால் பரவும் பாக்டீரியா; பல பெண்களுக்கு அறிகுறியே இருக்காது, வழக்கமான பரிசோதனையிலும் அகப்படாது.

"யார்கிட்டேர்ந்து, எப்போன்னு தேடாதீங்க. ரொம்ப நாளா சத்தமில்லாம இருந்திருக்கலாம். வீட்டுக்காரரும் மாத்திரை சாப்பிடணும். கருக்குழாய் வரைக்கும் போயிருக்கான்னு அப்புறம் பார்க்கணும்" என்றார்.

திரும்பும் பேருந்தில் மகள் கேட்டாள்: "எனக்கு கொழந்த பொறக்குமா மா?" நான் மாத்திரைச் சீட்டை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

"எம்புள்ள தறிய வுட்டா டீக்கடை, டீக்கடைய வுட்டா தறி. அவனுக்கு இன்னாத்துக்கு மாத்திரை?" என்று சம்பந்தி கத்தினார். மருமகன் தன் அம்மா பார்க்கவே முதல் மாத்திரையை விழுங்கினார்.

அதன்பிறகு எனக்குத் தெருவில் நடக்கவே பயமாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் எந்தப் பெண்ணாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் கால் நின்றுவிடும். 'எனக்கும் இருந்துச்சு' என்று சம்பந்தி சொன்னது வேறு காதைவிட்டுப் போகவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்கு இந்தக் கிருமி இருக்கிறது என்று கேட்டு, பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பித்தேன். நாற்பத்தெட்டு மணி நேரம் போனது. முப்பது நாள் போனது. மேல்முறையீடும் செய்தேன்.

அதற்குள் மருந்து முடிந்தது, மறுபரிசோதனையில் கிருமி இல்லை. கருக்குழாய்ப் படத்தில் வலது குழாய் அடைத்திருந்தது. இடது திறந்திருந்தது. "ஒண்ணு போதும்" என்றார் டாக்டர். போதுமா என்று மகளும் நானும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அலுவலகப் பதில் இரண்டே வரி. கண்டறியப்பட்ட பெண்கள்: இல்லை. இதற்கான பரிசோதனை: செய்யப்படுவதில்லை. முதல் வரிக்கு இரண்டாவது வரிதான் காரணம் என்பது கையொப்பமிட்டவருக்குத் தோன்றவில்லை போலும். என் காலத்தில் எனக்கும் தோன்றியிருக்காது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிய நாள், கார்த்திகை மூன்றாம் தேதி; உறையின் முத்திரையில் இருந்தது மேல்முறையீட்டின் இருபத்தொன்பதாம் நாள்.