பூதக்கண்ணாடி நடத்திய ஜாடைப் பாடம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவருக்குத் தெருவில் பூதக்கண்ணாடி என்று பெயர். கடையில் மயிரிழைக் கீறலையும் தப்பவிடாத கண். வெளியே வந்தால் அதே கண், அடுத்தவர் பேச்சில் இல்லாத கீறலையும் கண்டுபிடித்துவிடும்.

அன்று காலை கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா அவரை நிறுத்தி, "மாடிப்படி ஏறி இறங்கறது சிரமமா இல்லையா, தம்பி?" என்று கேட்டுவிட்டார். மனிதர் அந்தக் கேள்வியை நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். எட்டு வருடமாகக் குடியிருக்கும் வீடு. மகள்களின் பள்ளிக்கூடம் எதிர்வரிசையிலேயே இருக்கிறது.

சாயங்காலம் இரண்டு பெண்களையும் உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தார்.

"பெரியவங்க எதையும் நேரா சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்கோம். அவர் 'மணி என்ன ஆச்சு?'ன்னு கேட்டா?"

"அவங்க வீட்டுக் கடிகாரம் ஓடல," என்றாள் சின்னவள்.

"கிளம்புன்னு அர்த்தம், மக்கு! வாசல்ல நின்னுக்கிட்டு 'டீ சாப்பிட்டுப் போலாமே'ன்னா?"

"டீ கிடையாது," என்றாள் பெரியவள்.

"என் தங்கம்! அப்ப, 'படி ஏற சிரமமா இல்லையா'ன்னா?"

"வீட்டைக் காலி பண்ணு."

"கேட்டியாடி?" என்றார் மனைவியிடம்.

"அவங்க படியைப் பத்திக் கேட்டிருப்பாங்க. நேரா போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

நேராகக் கேட்பதா? அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே! மறுநாள் வீட்டுக்காரம்மாவின் காதில் விழுகிற மாதிரி, "பக்கத்துத் தெருவுல நல்ல நல்ல வீடெல்லாம் காலியா கிடக்காமே!" என்று ஆழம் பார்த்தார். அந்தம்மா "ஓகோ" என்றார். அந்த ஓகோவை நான்கு நாள் துவைத்துப் பிழிந்து காயப்போட்டும் கறை எங்கே என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் மாடிக்கு வந்து சமையலறையை டேப் வைத்து அளந்தார்கள்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?" என்று கிசுகிசுத்தார் பூதக்கண்ணாடி. ஜெயித்துவிட்டார்தான், வீடு மட்டும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சின்னவள் படிகளில் தடதடவென்று இறங்கினாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

"ஏன் பெரியம்மா எங்களப் போகச் சொல்றீங்க?"

"நானா? உங்கப்பாதான வேற வீடு பாக்கறாரு! மாடி ஏறினா எனக்கு முட்டி வலிக்குது. படிக்கு ஒரு கைப்பிடி வெக்கலாமேன்னு கேட்டேன். நீங்க போறீங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். "அது வந்து... இந்தத் தெருவுல காத்து நல்ல காத்துங்க," என்றார்.

"நாங்க எங்கயும் போகலக்கா!" என்று மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அளந்து முடித்தவர்கள் இறங்கி வந்தார்கள். "வீடு பிடிச்சிருக்கும்மா."

வீட்டுக்காரம்மா தொண்டையைச் செருமினார். "நல்ல வீடுதான். தண்ணி மட்டும் மாடிக்கு ஏற அடிக்கடி அடம் பிடிக்கும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யோசிச்சுச் சொல்றோம்."

"இனி வர மாட்டாங்க," என்று தங்கைக்கு விளக்கினாள் பெரியவள்.

வீடு தப்பியது. பூதக்கண்ணாடி மேலே போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வழக்கம் போலவே கொட்டியது.

"அப்புறம் எதுக்கு அந்தம்மா தண்ணியைப் பத்தி..." என்று அவர் ஆரம்பிக்க, மனைவி வந்து குழாயை மூடினாள்.